சாலிட் உட் மாண்டலின் என்று சொல்லி ப்ளைவுட்டை விற்கிறார்கள்

முதல் மாண்டலின் வாங்கப் போகிறீர்களா? அதிலும் வீட்டில் ரெக்கார்டிங் செய்யத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வீட்டில் கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிறவன். பாட்டுக்கு மேலே மாண்டலின் ஒன்று சேர்க்க வேண்டும் என்று ஆன்லைனில் விற்கும் ஒரு இசைக்கருவிக் கடையில் 16,500 ரூபாய் கட்டி, உடலில் சுருள் அலங்காரம் உள்ள எஃப் மாடல் ஒன்று வாங்கினேன். விளம்பரத்தில் ‘சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்’ என்று போட்டிருந்தார்கள், அதாவது மேல்பலகை அடுக்கி ஒட்டிய ப்ளைவுட் இல்லை, முழு ஸ்ப்ரூஸ் மரம். போனில் கேட்டதற்கும், “ஃபுல்லா சாலிட் உட் சார். செட்டப் பண்ணித்தான் அனுப்புவோம். பிக்அப் உள்ளேயே இருக்கு, நேரா கம்ப்யூட்டர்ல சொருகி ரெக்கார்ட் பண்ணலாம்” என்றார்கள். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. (செட்டப் என்றால் கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் வாசிக்கத் தோதாகச் சரி செய்வது. பிக்அப் என்றால் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சின்னக் கருவி.)

மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவ ஓட்டையின் ஓரத்தில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒரே மரமாக இருந்தால் மேலே தெரியும் மரவரிகள் அந்த வெட்டு முகத்திலும் அப்படியே கீழே இறங்கும். இதில் ஓரம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட். பெயிண்ட் உதிர்ந்திருந்த ஓர் இடத்தில் மூன்று அடுக்கு பளிச்சென்று தெரிந்தது. சாட்சாத் ப்ளைவுட்.

ப்ளைவுட்டில் செய்த மாண்டலினே கூடாது என்று நான் சொல்லவில்லை. கழுத்து நேராகவும், அதன்மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் சரியாகவும் இருந்தால் பழகுவதற்கு அது போதும். முழு மரத்தில் செய்த கென்டக்கி கேஎம்-150, ஈஸ்ட்மன் எம்டி-305 போன்றவை நான் கொடுத்ததைவிட நிறையவே கூடுதல் விலை. ப்ளைவுட்டை ப்ளைவுட் என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றால் யாருக்கும் வருத்தமில்லை.

மரத்தைவிட மோசம், செட்டப் என்று அவர்கள் சொன்ன கதை. மாண்டலினின் பிரிட்ஜை, அதாவது மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையை, ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். பார்சலில் கொஞ்சம் நகர்வது சகஜம். 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி கூடுதலாக நின்றது. பிரிட்ஜைப் பின்னால் தள்ளி அதைச் சரி செய்தேன். ஆனால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் எதை அழுத்தினாலும் சுருதி ஏறியே நின்றது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் காடிகளை ஆழமாக அறுக்காமல் விட்டிருந்தார்கள். கம்பி உயரத்தில் நிற்பதால் அழுத்தும்போதே இழுபட்டு சுருதி ஏறிவிடுகிறது. அதற்கு மேலே 9-ஆவது ஃப்ரெட் பக்கம் ஒரே இரைச்சல்.

பழுது பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கழுத்து வளைந்திருக்கிறது, கழுத்தை நேராக்க உள்ளே வைக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பிப் பார்க்கலாம் என்று தலைப் பகுதியில் இருந்த சின்ன மூடியின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். உள்ளே ராடும் இல்லை, அதற்கான குழியும் இல்லை. வெறும் மரம். ராட் இருப்பதுபோல் காட்ட மூடியை மட்டும் அடித்திருக்கிறார்கள்! எட்டுக் கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேல் இழுக்கிற கருவியில் இப்படி ஒரு வேலை. “இதுக்குச் செலவு பண்ணாதீங்க தம்பி” என்று அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிக்அப் கதையும் இதேதான். உள்ளே ஒட்டியிருந்தது பியெஸோ என்ற சாதாரண வகை பிக்அப். அதைக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் சொருகினால் பிளாஸ்டிக்கைத் தட்டுவது மாதிரி மெலிந்த சத்தமும் உறுமலும்தான் வரும். ரெக்கார்டிங்குக்கு மாண்டலின் வாங்குபவர்கள் பிக்அப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஒரு கண்டென்சர் மைக்கை, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு ஜாண் அல்லது கொஞ்சம் கூடுதல் தூரத்தில் வைத்தால் போதும். எஃப் ஓட்டைக்கு நேரே வைத்தால் அடிக்கனம் குமுறும். அதேபோல எஃப் மாடலில் சுருண்டு நிற்கும் அந்த அலங்காரத்தால் ஒலி கூடுவதில்லை, விலைதான் கூடுகிறது. பட்ஜெட் குறைவு என்றால் அந்தச் சுருள் இல்லாத ஏ மாடலே வாங்குங்கள்.

அந்த விளம்பரத்திலேயே ‘மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்த அதே மாண்டலின்’ என்றும் ஒரு வரி இருந்தது. கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைக்கு வாங்கும் பெற்றோர் இதை நம்பிவிடுவார்கள். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். கடையில் கிடைப்பது ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி உள்ளது. ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. வாங்கும் முன் குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் சொல்லித் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது கடையில் வந்த பதில்: “ட்யூன் பண்ணிட்டீங்களே சார், யூஸ்டு ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” ட்யூன் செய்யாமல் ஒரு வாத்தியம் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ பழுதான பொருளையோ திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அடுக்கு தெரியும் படம், மூடியைக் கழற்றி எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகப் புகார் பதிவு செய்தேன்.

அப்புறம்தான் கடையிலிருந்து போன் வந்தது. நான் எழுதிய ரிவ்யூவை நீக்கினால் பாதிப் பணம் தருகிறார்களாம். நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முழுப் பணமும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அந்த விளம்பரம் இன்னும் அப்படியே ஓடுகிறது. ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பில்லையும் பார்சல் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 2 வருடத்துக்குள் நீங்களும் வழக்குப் போடலாம்.