பிள்ளைகளின் பிஎம்ஐ: எந்த சார்ட்டை நம்புவது?

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். "புள்ள மெலிஞ்சில்லா கெடக்கான்" என்று ஆச்சி என் மகனுக்கு உளுந்தங்களியை உருட்டி உருட்டிக் கொடுத்தாள். எனக்கும் சந்தேகம் வந்து செல்போன் செயலியில் பிஎம்ஐ போட்டேன்; அதாவது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண். 10 வயது, 140 செ.மீ., 32 கிலோ. விடை 16.3, "எடை குறைவு". தங்கை மகளுக்கும் போட்டேன். அவளுக்கும் 10 வயது; 138 செ.மீ., 39 கிலோ. விடை 20.5, "சரியான எடை".

இரண்டுமே தப்பு. அந்தச் செயலி பெரியவர்களுக்கான எல்லைகளை வைத்துச் சொல்கிறது: 18.5-க்குக் கீழே எடை குறைவு, 25-ஐத் தொட்டால் அதிக எடை. பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி சார்ட்டில் 10 வயதுப் பையனின் நடுக்கோடே (பாதிப் பிள்ளைகள் அதற்கு மேலும் பாதிப் பிள்ளைகள் கீழும் இருக்கும் கோடு) 16.4தான். அதே வயதுப் பெண்பிள்ளை 19-ஐத் தாண்டினால் அதிக எடை.

ஆக, மிஞ்சுவது இரண்டு சார்ட்: உலக சுகாதார நிறுவனத்தின் 2007 சார்ட், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 சார்ட். 5 வயதுக்கு மேல் நான் இந்திய சார்ட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். காரணம், கோடுகள் போய்ச் சேரும் இடம். முதல் சார்ட்டின் அதிக எடைக் கோடும் உடல் பருமன் கோடும் 19 வயதில் ஏறக்குறைய 25-லும் 30-லும் முடிகின்றன. இந்திய சார்ட்டில் அவை 18 வயதில் 23-லும் 27-லும் முடிகின்றன. நம் ஆட்களுக்கு அதே பிஎம்ஐயில் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் குடும்பத்துக்குக் கோடு கொஞ்சம் தாழ இருப்பதே நல்லது.

எந்த சார்ட் ஆனாலும் உயரத்தை ஒழுங்காக அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, தலைமேல் அட்டையை மட்டமாக வைத்து. 36 கிலோப் பிள்ளையின் 140 செ.மீ. உயரத்தை 138 என்று எழுதினால் 18.4 என்பது 18.9 ஆகிவிடும். ஒரு நாள் எண்ணைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்த புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே முக்கியம்.

கபடி, நீச்சல் என்று தசை ஏறிய பிள்ளைகளுக்கு பிஎம்ஐ கூடுதலாகக் காட்டலாம். பருவமடையும் வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இன்னும் இல்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தங்கை மகளை அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் பிள்ளை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். அவள் காதுபட "குண்டு" என்ற வார்த்தையே வரக்கூடாது என்று ஆச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.