மூன்று வார விடுப்பில் ஒரு தடையுத்தரவு

மூன்று வார விடுப்பில் வெளிநாட்டிலிருந்து ஊருக்குச் சென்ற நான், அதில் பாதிக்கு மேல் உரிமையியல் நீதிமன்ற வளாகத்தில்தான் இருந்தேன். என் பெயரிலுள்ள காலிமனையின் வடக்கு வேலியைப் பிரித்துவிட்டு, பக்கத்து மனைக்காரர் அஸ்திவாரக் குழி தோண்டத் தொடங்கியிருந்தார். காவல் நிலையத்தில், "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள்.

வழக்கறிஞர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, இடம் இன்று யார் அனுபோகத்தில், அதாவது யார் கைவசத்தில், இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டார். உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) கோரும் வழக்கில், தாக்கல் செய்யும் நாளில் சொத்து வாதியின் அனுபோகத்தில் இருந்ததா என்பதே முதன்மையான கேள்வி என்பதால், வெளிநாட்டில் வாழ்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே எடுக்க முடிந்தது. உண்மையில் கைகொடுத்தவை, சித்தப்பா ஆண்டு தவறாமல் கட்டி பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருந்த காலிமனை வரி ரசீதுகள்.

எதிர்த்தரப்பு, தங்களைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று முன்கூட்டியே கேவியட் மனு தாக்கல் செய்திருந்தது. 90 நாள்கள் செல்லுபடியாகும் அந்த மனு இருக்கும்போது அவர்களுக்கு அறிவிக்காமல் இடைக்காலத் தடை பெற முடியாது. நோட்டீஸ், வாய்தா என்று ஆறு நாள்கள் கழிய, குழியிலிருந்து சுவர் முழங்கால் உயரம் எழும்பிவிட்டது. நடைமுறை சரிதான் என்றாலும், அதை நின்று பார்க்க எனக்கு மனம் ஆறவில்லை. பிறகே, கட்டுமானத்தை நிறுத்தி இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிமன்றம், இடத்தைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரையும் நியமித்தது. உத்தரவை மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஆணையரோடு வந்த சர்வேயர், புல வரைபடத்தை ஸ்கூட்டர் இருக்கையில் விரித்துவைத்துப் பழைய எல்லைக்கல்லைத் தேடினார். மூன்றாவது இடத்தில்தான் கடப்பாரை கல்லில் மோதியது. அங்கிருந்து நாடாவைப் பிடித்தபோது, புதுச்சுவர் எங்கள் பக்கம் இரண்டரை அடி உள்ளே நின்றது. ஆணையர் அதைக் குறித்துக்கொண்டார். அனுபோகம் யாருடையது என்று தீர்மானிப்பது தம் வேலையல்ல என்பதையும் பொறுமையாக விளக்கினார். எழும்பிய சுவரை அகற்றத் தடையுத்தரவு மட்டும் போதாது, அதை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையும் கேட்க வேண்டும் என்பதால், பிராதை (வழக்கு மனுவை) திருத்த மனுப் போட்டிருக்கிறோம்.

புறப்படுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் என் சார்பில் செயல்பட சித்தப்பாவுக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தேன். ஆனால் எனக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்தவற்றுக்கு அவர் எனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. அடுத்த விடுப்பைச் சாட்சி விசாரணைக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறேன்.