எர்த் முதலில், வீஜிஏ பிறகு: மலையகத்தில் கேமிங் கொம்பியூட்டர் செய்வது

மூன்று கிழமை லீவில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வருகிறவர்கள், வீட்டுப் பிள்ளையின் பழைய கொம்பியூட்டரை கேம் ஓடுகிற மாதிரிச் செய்து கொடுத்துவிட்டுப் போக நினைத்தால், பாட்ஸ் முதல் கிழமையிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். பழுதான பொருள் ஒன்று கொழும்புக்குத் திரும்பிப் போனால், மாற்றுப் பொருள் வருவதற்குள் கட்டுநாயக்கவுக்கு வேன் பிடிக்கிற நாள் வந்துவிடும்.

மலைநாட்டு டவுன் கடைகளில் அதிகம் ஓடுவது லெப்டொப், பிரிண்டர், டோனர், சிசிடிவி. நல்ல வீஜிஏ கார்டோ (கேமின் படத்தைத் திரைக்குத் தருகிற கிராபிக்ஸ் கார்ட்) பவர் சப்ளையோ கேட்டால் "நாளைக்கு எடுத்துத் தாறோம்" என்பார்கள். கொழும்பிலிருந்து பஸ் பார்சலிலோ கூரியரிலோ வரும். அதில் பிழை ஒன்றும் இல்லை. பழுதானால் திருப்பி அனுப்புகிற அலைச்சல் கடைக்காரருடையது என்பதால், கொஞ்சம் விலை கூடினாலும் டவுன் கடையே வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு நல்லது. கண்டியில் தெரிவு கூட. கொழும்பு போகிறவர்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் பல கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். எங்கே போனாலும் 18 வீத வற் சேர்ந்த விலையா என்று கேட்டுவிடுங்கள். காசுக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை இருக்கலாம்.

பில்லின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தையும் வாசிக்க வேண்டும். ஒரு வருட வரண்டி என்றால் பல கடைகளில் 350 நாள், மூன்று வருடம் என்றால் 1,050 நாள். எரிந்த அடையாளம், உடைவு, துரு இருந்தால் வரண்டி கிடையாது என்றும் போட்டிருக்கும். கொழும்பில் இருப்பவர் அந்த வரியைப் பார்க்காமலே போகலாம். இங்கே பாட்ஸைக் கொல்வதே இடியும் ஈரமும்தான், அந்த இரண்டுக்கும் வரண்டி இல்லை. அதனால் பட்ஜெட்டைப் பிரிக்கும்போது வீஜிஏ கார்டிலிருந்து தொடங்காமல் சுவரில் இருக்கிற பிளக் பேஸிலிருந்து தொடங்குங்கள்.

அதைச் சோதிக்க, வோல்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் போதும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்க வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. லைன்–எர்த் அளவு 80, 140 என்று ஆடிக்கொண்டிருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். பகலில் அளந்துவிட்டுத் திருப்திப்படாமல், எல்லா வீட்டிலும் லைட்டும் ரைஸ் குக்கரும் போட்ட பிறகு, இரவு ஏழு மணிபோல இன்னொரு தடவை அளவுங்கள். டிரான்ஸ்போமருக்குத் தூரமான தோட்டங்களில் வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

எர்த் இல்லாத வீட்டில் மெஷினின் இரும்புக் கேசிங்கைத் தொட்டால் கை சுள்ளென்று கூசும். பவர் சப்ளைக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகிற சின்னக் கபாசிட்டர்கள் உண்டு. எர்த் வயர் எங்கும் போய்ச் சேராவிட்டால் கேசிங் 230இன் பாதியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு போய்விடும். ஆனால் அந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் அது சொருகுகிற முனை எரியலாம். உள்ளே உண்மையான கரண்ட் ஒழுக்கு ஒன்று ஏற்பட்டால் கேசிங்கே 230 வோல்ட்டுக்கு வந்துவிடும், டிரிப் சுவிட்ச் விழுவதற்கு ஆள் தொட வேண்டியிருக்கும். வயரிங் தெரிந்த ஒரு பாஸைக் கூப்பிட்டு, செம்பு எர்த் கம்பி அடித்து, டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். லயன் வீடு என்றால் வயரிங்கில் கை வைக்க முன் தோட்டத்து ஒபிசில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. மூன்று முள்ளை இரண்டு முள்ளாக்குகிற அடப்டரை வீட்டில் கண்டால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்து பவர் சப்ளை. கேசிங்கோடு சும்மா வருகிற "500 வோட்" பெட்டியை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். 16 அம்பியர் என்றிருந்தால் 12ஐ 16ஆல் பெருக்க 192 வோட், வீஜிஏக்கும் சிபியூவுக்கும் (புரொசசருக்கும்) கிடைப்பது அவ்வளவுதான். பின்பக்கம் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. யாராவது சும்மா தட்டி 115க்கு மாற்றிவிட்டுப் போட்டால் அந்த நொடியே வெடிக்கும். 80 பிளஸ் பிரொன்ஸ் என்ற மின்சிக்கனத் தரத்தில், அக்டிவ் பிஎஃப்சி (மின்னை ஒழுங்காக இழுக்கிற சுற்று) உள்ள, ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று எழுதிய 550 வோட் ஒன்று போதும். அப்படிப்பட்டது மாலையில் வோல்ட்டேஜ் 190க்கு விழுந்தாலும் அணையாது.

550 ஏன் போதும் என்றால், ரைசன் 5 5600 சிபியூ முழு வேகத்தில் இழுப்பது 76 வோட். ஆர்எக்ஸ் 6600 கார்ட் 132 வோட். மதர்போட், விசிறி, டிஸ்க் எல்லாவற்றுக்கும் 50 வைத்தாலும் 260ஐத் தாண்டாது.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ என்பதை வோட் என்று நினைக்க வேண்டாம். 650 விஏ பெட்டி பெரும்பாலும் 360 வோட்தான், உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பெட்டரி ஒன்று. கணக்குக்கு 84 வோட்-மணி. ஆனால் 250 வோட்டை ஒரேயடியாக இழுத்தால் பாதிகூடக் கிடைக்காது. ஐந்தாறு நிமிடம் வரும், கேமைச் சேவ் பண்ணி அணைக்க அது காணும். பழைய பெட்டரி போட்ட யூபிஎஸ் கரண்ட் போன நொடியே "பீப்" என்று கத்திவிட்டுச் செத்துவிடும், ஆகவே கடையிலேயே லோட் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் யூபிஎஸ்ஸும் காப்பாற்றாது. பிளக்கைக் கழற்ற வேண்டும், ரவுட்டரிலிருந்து வருகிற லேன் வயரையும் சேர்த்து. பலர் அந்த வயரை மறந்து மதர்போட்டைப் பறிகொடுக்கிறார்கள்.

இனி கேம் ஓட்டுகிற பாட்ஸ். வீட்டில் இருப்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒபிஸ்களிலிருந்து கழித்து விற்கிற நாலாம் தலைமுறை ஐ5 பிராண்ட் மெஷின் என்றால் அதில் பெரிய காசு போடாதீர்கள். டிடிஆர்3 ரேம், விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. பல பிராண்ட் மெஷின்களில் பவர் கனெக்டரும் வேறு வடிவம், கடையில் வாங்கிய பவர் சப்ளை நேரே பொருந்தாது. அப்படியும் அதையே வைத்து ஓட்ட வேண்டும் என்றால், தனிப் பவர் வயர் கேட்காத 70 வோட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஒன்றுதான் புத்திசாலித்தனம். பிறகு கழற்றி வேறு மெஷினிலும் போடலாம்.

பி450 போன்ற ஏஎம்4 மதர்போட் (ஏஎம்டி ரைசன் சிபியூ பொருந்துகிற வகை) ஏற்கெனவே இருந்தால் அதிர்ஷ்டம். போட்டையும் டிடிஆர்4 ரேமையும் வைத்துக்கொண்டு சிபியூவை மட்டும் மாற்றலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிய பிறகு, பழைய ரேமைக் காப்பாற்றுவதே பாதிச் சேமிப்பு. ரைசன் 5 5600க்கு 32 எம்பி கேஷ் (சிபியூவுக்குள் இருக்கிற வேக நினைவகம்), 5500க்கும் 5600ஜிக்கும் 16 எம்பி. இந்தப் பின்னிரண்டும், கார்டுக்கும் சிபியூவுக்கும் இடையிலான பிசிஐஇ பாதையில், பழைய 3.0தான். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடலாம், பெட்டியில் எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள்.

மாற்றும் முறை முக்கியம். புதுச் சிபியூவைப் போட் அடையாளம் காண, பழைய சிபியூ உள்ளே இருக்கும்போதே பயோஸை (மதர்போட்டின் ஆரம்ப மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும். எஃப்ஏடி32 ஆக ஃபோமட் செய்த பென் டிரைவ், யூபிஎஸ்ஸில் சொருகிய மெஷின், இடி இல்லாத காலை நேரம். நடுவில் கரண்ட் போனால் போட் செத்த மாதிரிதான். பயோஸ் முடிந்ததும் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு கூலரை மெதுவாக இடம் வலமாகத் திருகி எடுங்கள். நுவரெலியாக் குளிரில் கூலருக்கும் சிபியூவுக்கும் இடையிலுள்ள பேஸ்ட் இறுகி இருக்கும். நேரே இழுத்தால் லொக் போட்டபடியே சிபியூ கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். ஏஎம்4 சிபியூவின் அடியில் 1,331 பின்கள், ஒன்று வளைந்தாலும் வரண்டி போச்சு.

போட்டே இல்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப், டிடிஆர்4 ஏற்கிற எச்610 அல்லது பி660 போட். "எஃப்" என்று முடிகிறவற்றில் உள் கிராபிக்ஸ் இல்லை. வீஜிஏ கார்ட் வரும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், மெஷின் பழுது என்று பதற வேண்டாம்.

வீஜிஏ கார்டில் புதிதாக வாங்குவதென்றால் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, 1080பி திரைக்குத் தாராளம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதற்கு 4 ஜிபி நினைவகம், பிசிஐஇ பாதை நாலு மட்டும், பிசிஐஇ 3.0 உள்ள பி450இல் போட்டால் நினைவகம் நிறைந்ததும் விக்கி விக்கி ஓடும். பாவித்த ஆர்எக்ஸ் 580 நிறைய அலைகிறது. கிரிப்டோ மைனிங்கில் ஓடியவை பல, 2048எஸ்பி என்ற குறைந்த வகையும் கலந்திருக்கும். ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கார்டின் கணிப்பு அலகு) எண் 2304 என்று இருக்கிறதா பாருங்கள், பிறகு இருபது நிமிடம் லோட் போடுங்கள். பழைய ஜிடிஎஸ் 450க்கு 1050 டிஐ என்று பெயர் மாற்றிய போலியும் அதே மென்பொருளில் பிடிபடும்.

வீட்டில் நீல நிற வீஜிஏ வயர் போட்ட பழைய மொனிட்டர் இருந்தால் கடையில் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்றைய கார்டுகளில் அந்த வயர் சொருகுகிற இடம் கிடையாது, அக்டிவ் எச்டிஎம்ஐ கன்வேட்டர் வேண்டும். வெறும் வயர் வேலை செய்யாது. (ஊரில் கார்டையும் வீஜிஏ என்கிறோம், அந்த வயரையும் வீஜிஏ என்கிறோம். போனில் பேசும்போது இதனாலேயே பாதிக் குழப்பம்.)

ரேம் 8 ஜிபி இரண்டு, 3200 வேகம். நாலு இடம் உள்ள போட் என்றால் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது இடத்தில் சொருகி, பயோஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பல ரேம்கள் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தகுந்தவை சிபியூ, எஸ்எஸ்டி, ரேம். சின்னவை, கைப்பையில் அடங்கும். லெப்டொப் ரேமும் சேவர் ரேமும் இதற்குப் பொருந்தாது, ஒபிசில் சும்மா கிடைத்தது என்று அள்ளி வராதீர்கள். இலங்கை ஏஜன்ட் வரண்டி கிடைக்காது என்பதால் பவர் சப்ளையையும் கார்டையும் இங்கேயே வாங்குவது நல்லது. பழைய பவர் சப்ளையின் மொடியுலர் (கழற்றிப் பூட்டுகிற) வயர்களை மட்டும் எடுத்து வந்து வேறு பிராண்டில் சொருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறு, 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் டிஸ்க் எரியும்.

கொழும்பில் கட்டிய மெஷினை அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியே வேனில் ஏற்றுகிறவர்கள், கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். பெரிய டவர் கூலர் என்றால் அதையும். கேசிங்கைப் பக்கவாட்டில், மதர்போட் கீழே கிடக்கிற மாதிரிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வளைவுகளில் ஒரு கிலோ கார்ட் ஸ்லொட்டில் தொங்கினால் ஸ்லொட் பிளந்துவிடும்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, விசிறி அள்ளுகிற வெப்பமும் அதற்கேற்பக் குறையும். அறைக் குளிர் அதை ஈடுகட்டிவிடுவதால் கூடுதல் விசிறிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தொல்லை ஈரம்தான். கிழமைக்கணக்கில் போடாமல் விட்ட மெஷினில் பச்சை பூக்கும். தினம் அரை மணி நேரமாவது ஓட வேண்டும், வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, விறகடுப்புப் புகை எட்டாத அறையில். கரியும் ஈரமும் சேர்ந்தால் போட்டின் மேல் கரண்ட் கசியும். பின்னால் திறந்திருக்கிற ஸ்லொட் ஓட்டைகளை மூடுங்கள், பல்லி அங்கேதான் போய்ப் படுக்கும்.

கேம்களை இங்கே டவுன்லோட் செய்தால் 100 ஜிபி ஒன்றே ஒரு மாத டேட்டாவைத் தின்றுவிடும். வருகிற இடத்திலேயே ஸ்டீமில் இறக்கி, ஸ்டீம்அப்ஸ் ஃபோல்டரை எக்ஸ்டேனல் டிஸ்க்கில் கொண்டுவந்து போட்டால் மிச்ச அப்டேட் மட்டும்தான் இறங்கும். அப்டேட்டை இரவு டேட்டாவுக்கு விடுங்கள்.

திரும்பிப் போக முன் பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துப் பிள்ளையின் போனுக்கு அனுப்பி, கார்டின் காலிப் பெட்டியை அட்டத்தில் ஏற்றிவிடுங்கள். அந்தப் பெட்டி இல்லாமல் கொண்டுபோனால் வரண்டிக்கு எடுக்கத் தயங்குகிற கடைகள் இருக்கின்றன.