கியர்பாக்ஸ் ஆயில் கசிவு: ஊற்றிக்கொண்டே ஓட்டுவதா, அடைப்பான் கலப்பதா, சீல் மாற்றுவதா?

வயதான ஆட்டோமேட்டிக் காரின் அடியில் சிவப்பு எண்ணெய்த் துளிகள் தென்படத் தொடங்கினால், உரிமையாளர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. குறைகிற ஆயிலை ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் அடைப்பான் திரவத்தைக் கியர்பாக்ஸில் கலக்கலாம். கசிகிற சீலையோ (ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம்) கேஸ்கெட்டையோ (இரு பாகங்களின் இணைப்பில் வைக்கும் அடைப்புத் தகடு) மட்டும் மாற்றலாம். அல்லது கியர்பாக்ஸையே இறக்கிப் பிரித்துச் சீரமைக்கலாம். என் பழைய காரில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ்ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் கசிவு வந்தபோது நான் மூன்றாவது வழியைத் தேர்ந்தேன். அந்தச் சார்பு இந்த அலசல் முழுவதும் இருக்கும்.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும், கசிவது கியர்பாக்ஸ் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பல கார்களின் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு ஆயில்தான் ஓடுகிறது. சில கூலன்ட்களும் சிவப்பாக இருக்கும், ஆனால் விரலில் தேய்த்தால் அவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதால், தரையில் சொட்டும் இடத்துக்கும் கசிவு தொடங்கும் இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குவதே சரியான முறை. அப்படியும் பிடிபடாவிட்டால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஊற்றிக்கொண்டே ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஞ்சின் ஆயிலைப் போலக் கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் அது எங்கோ வெளியேறுகிறது என்றுதான் பொருள். குறைந்த அளவில் ஓடும்போது பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கிறது, அழுத்தம் தளர்கிறது, உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்கிச் சூடாகின்றன. திருப்பங்களிலும் ஏற்றங்களிலும் கியர் பிடிக்கத் தாமதமாவது இதன் முதல் அறிகுறி. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கே இல்லாமல் வரும் கார்களில் அளவைத் தொடர்ந்து கண்காணிப்பதும் எளிதல்ல. கசிவு சைலன்ஸர் குழாயின் மேல் விழுமானால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த நிலையில் இந்த வழியை எண்ணிப் பார்க்கவே கூடாது. மற்றபடி, பழுது பார்க்க நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் இடைவெளிக்கு மட்டும் இது போதும்.

கியர்பாக்ஸை முழுமையாகப் பிரிப்பதற்குக் கசிவு மட்டுமே காரணமாக இருக்கக்கூடாது. ஆயில் கருகிய வாடையுடன் கருத்திருந்தால், கியர்கள் வழுக்கினால், கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பானில் உலோகச் சில்லுகள் கிடந்தால், அப்போதுதான் அது பேசவேண்டிய விஷயம்.

உண்மையான போட்டி அடைப்பான் திரவத்துக்கும் சீல் மாற்றுவதற்கும் இடையில்தான். இந்தத் திரவங்களில் பெரும்பாலானவை ரப்பரை மென்மையாக்கிச் சற்றே உப்பச் செய்கின்றன. காலப்போக்கில் சூட்டினால் இறுகிச் சுருங்கிய ஒரு சீலின் விளிம்பு இதனால் மீண்டும் ஷாஃப்ட்டைத் தழுவிக்கொள்ளலாம். மெதுவான கசிவு நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் கிழிந்த சீலையோ, அரித்துப்போன கூலர் குழாயையோ, வளைந்த ஆயில் பானையோ அது எதுவும் செய்யாது.

என் முடிவைத் தீர்மானித்தது அதன் பலன் குறைவு என்பது அல்ல, அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்க முடியாது என்பதுதான். கசிவது ஒரே ஒரு சீல். ஆனால் ஊற்றிய திரவமோ பம்ப் வழியாகக் கியர்பாக்ஸ் முழுவதும் சுற்றி, கிளட்ச் பிஸ்டன் சீல்கள், ஓ-ரிங்குகள் என நன்றாக இருக்கும் ஒவ்வொரு ரப்பரையும் தொடுகிறது. நைட்ரைல், அக்ரிலிக், ஃப்ளூரோ ரப்பர் என ஒரே கியர்பாக்ஸுக்குள் பல வகை ரப்பர்கள் இருக்கலாம். அவை எல்லாம் ஒரே அளவில் உப்புவதில்லை. அதோடு, ஆட்டோமேட்டிக் ஆயிலின் உராய்வுக் குணம் கிளட்ச் தகடுகளுக்கென்றே கணக்கிட்டு அமைக்கப்பட்டது. ரப்பரை ஓரளவு உப்ப வைக்கும் பொருளும் அதில் ஏற்கெனவே அளவோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அடைப்பான் இந்தக் கணக்கைக் கலைக்கலாம். எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் ஊற்றியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது, ஏனென்றால் டிரெய்ன் பிளக்கைத் திறந்தால் டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் உள்ள ஆயில் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரே தடவையில் பாதிகூட வெளிவராத கியர்பாக்ஸ்கள் பல. சீலை மாற்றும் வேலையில் கசியும் இடத்தைத் தவிர வேறெதையும் நாம் தொடுவதில்லை, தவறாகப் பொருந்தினால் அந்த ஒரு சீலை மீண்டும் கழற்றிவிடலாம்.

சீல் மாற்றுவதில் இன்னொரு நன்மை, கசிவின் காரணத்தைக் கண்ணால் பார்க்க முடிவது. கழற்றிய என் பழைய சீலின் விளிம்பு நகத்தால் அழுத்தினாலும் பதியாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. அதன் உள்ளே இருந்த மெல்லிய சுருள் கம்பியும் தளர்ந்திருந்தது. ஷாஃப்ட்டில் சீல் உரசும் வட்டத்தை விரல் நுனியால் தடவியபோது எந்தப் பள்ளமும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தால், புதுச் சீலைச் சிறிது ஆழம் மாற்றி அமர்த்தவோ, மெல்லிய உலோக உறையை ஷாஃப்ட்டின் மேல் போடவோ வேண்டியிருந்திருக்கும். ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் புதுச் சீலும் விரைவில் கசியும். அடைப்பானை ஊற்றியிருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரிய வந்திருக்காது.

வேலையில் கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. பழைய சீலை நெம்பும்போது அது அமர்ந்திருக்கும் உலோகச் சுவரில் கீறல் விழக்கூடாது. புதியதன் விளிம்பில் ஆயில் தடவி, சாயாமல் சீராகத் தட்டி இறக்க வேண்டும். கியர்பாக்ஸின் காற்றுத் துவாரம் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசிய வைக்கும் என்பதால், அதையும் சுத்தம் செய்வது அவசியம். கசிவது ஆயில் பான் கேஸ்கெட் என்றால், போல்ட்டுகளை வலுவாக முறுக்குவது கசிவை அதிகமாக்கவே செய்யும். தகரத்தாலான பானின் விளிம்பு வளைந்துவிடும். கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவு பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். நிரப்பும் ஆயில் வகையிலும் ஊகத்துக்கு இடமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2005-இல் கொண்டுவந்த டெக்ஸ்ரான் 6 என்ற ஆயில் தரம், முன்பு டெக்ஸ்ரான் 3 ஊற்றிய அதன் பழைய கியர்பாக்ஸ்களுக்கும் பொருந்தும்படி உருவாக்கப்பட்டது. ஆனால் டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1 என்று கையேடு குறிப்பிட்டிருந்தால் அதே தரம்தான் வேண்டும்.

முன் சீல் கசிந்தால் என் வாதம் இவ்வளவு உறுதியாக நிற்காது. டார்க் கன்வெர்ட்டரை ஒட்டியிருக்கும் அந்தச் சீலை எட்டக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். சீல் சிறியதாக இருந்தாலும் கூலி மிகப் பெரியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவது எஞ்சினின் பின் சீலிலிருந்து வரும் எஞ்சின் ஆயிலாகவும் இருக்கலாம் என்பதால், நிறத்தையும் வாடையையும் வைத்து முதலில் பிரித்தறிய வேண்டும். கூடிய சீக்கிரம் கைமாறவோ உடைப்புக்கோ போகவிருக்கும் வண்டியில், கசிவு மெதுவாகவும் இருந்தால், அடைப்பானை முயல்பவரை நான் தடுக்கமாட்டேன். வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்டு வேகத்தை மாற்றும் சிவிடி கியர்பாக்ஸில் நான் கைவைத்ததில்லை. அதன் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான உராய்வு ஆயிலின் தன்மையையே நம்பியிருப்பதால், அங்கே எந்தக் கலப்பையும் தவிர்ப்பேன்.

சீல் மாற்றியபின் வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, கையேடு சொல்லும் வெப்பநிலையில், அது சொல்லும் முறைப்படி அளவைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்போது பார்ப்பார்கள். ஹோண்டாவின் பல கார்களில் எஞ்சினை நிறுத்தியபின் பார்க்க வேண்டும்.