கெண்டைக் குளத்துக்குச் சித்திரை வெயிலா, ஐப்பசி மழையா?

டெல்டா பக்கம் கட்லா, ரோகு கெண்டை மீன்களை வளர்ப்பவர்களுக்கு எந்தப் பருவம் அதிகத் தொல்லை? கோடையில் நீர் வற்றி, பாசி பெருகிக் குளம் கரும்பச்சையாகும். பகலில் அந்தப் பாசியே ஆக்சிஜன் தரும். இரவில் அதையே உறிஞ்சும். விடியற்காலையில் ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிற்பகலில் நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டினால் அம்மோனியாவின் நச்சும் கூடும். சரி, ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட்டலாம், புதுநீர் விடலாம் (கிடைத்தால்!).

ஐப்பசியில் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் இதுதான் கூடுதல் ஆபத்து. கோடையில் இருக்கும் உஷார் மழையில் இருப்பதில்லை. கரையிலிருந்து வழியும் சேற்றுநீர் குளத்தைக் கலக்கும், பிஎச் இறங்கும். மேகமூட்டம் நீடித்தால் பாசி மடிந்து பகலிலேயே ஆக்சிஜன் குறையும். அப்போது தீனியைக் குறைத்து, பிஎச் பார்த்துச் சுண்ணாம்பு இட வேண்டும்.