ஃபோர்மட் அமத்தாத கடை: திருமலையில ஹார்ட் டிஸ்க் குடுத்த கதை

எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் லப்டொப்ல காட்டாட்டி திருகோணமலை டவுனுக்குள்ள எங்க குடுக்கலாம் எண்டு கனபேர் கேக்கினம், அதான் போன மாசம் நான் பட்ட பாட்டை எழுதுறன். கடைட பேரைப் பொதுவில போடேல்ல, கூட்டம் வந்தாத் தன்னால சமாளிக்கேலாது எண்டு அந்தக் கடைத் தம்பியே சொன்னவர், இன்பொக்ஸ்ல வந்தாச் சொல்லுறன். மத்திய வீதியில சின்னக் கடை, வாசல்ல மான் படுத்திருக்கும். (திருமலையில எந்த வாசல்ல தான் மான் படுக்கேல்ல எண்டு சண்டைக்கு வராதேங்கோ.)

என்டது 1 டிபி, சின்ன 2.5 இஞ்சி சாதி, தனிக் கரண்ட் வயர் இல்லை, யூஎஸ்பியாலயே கரண்ட் எடுக்கிறது. உள்ளுக்க தங்கச்சிட கல்யாண வீடியோவும் ஏஎல் பிள்ளையளுக்கு நான் ஸ்கேன் பண்ணி வச்ச பாஸ் பேப்பரும் (முந்தின வருசத்துச் சோதனைத் தாள்). குத்தினா லைட் மினுங்குது, லப்டொப் டிங் எண்டுது, உடன டொங் எண்டு கழண்டு போகுது, திஸ் பிசிக்குள்ள ஒண்டுமில்லை. வேற போர்ட், ரீஸ்டார்ட் எல்லாம் பாத்தாச்சு, மருமகன் பழைய போன் சார்ஜர் கேபிளைக் கூட டிஸ்க்ல இருக்கிற அந்த அகலமான ஓட்டைட பாதிக்குள்ள குத்திப் பாத்தவன், அது பொருந்தும் தான், ஆனா அதால பழைய, மெதுவான யூஎஸ்பி 2 தான் ஓடும், அசையேல்ல.

முதல் போனது வேற ஒரு கடைக்கு. அங்க கொம்பியூட்டர்ல போட்ட உடன ஃபோர்மட் பண்ணட்டோ எண்டு ஒரு பெட்டி வந்திச்சு (பண்ணினா உள்ளுக்குள்ளதெல்லாம் போயிடும்), அந்தாள் போனைக் காதில வச்சுக்கொண்டே மவுஸை அங்க கொண்டு போறார், நான் "ஐயோ அண்ணை வேண்டாம்" எண்டு வயரைப் பிடிச்சு இழுத்திட்டன், அப்பிடி இழுக்கிறதும் பிழை தான், ஆனா அந்த நேரம் வேற என்ன செய்யிற.

மத்திய வீதித் தம்பி முதல்ல டிஸ்கைக் காதுக்குக் கிட்ட வச்சுக் கேட்டார். "டிக் டிக் எண்டு அடிச்சா நான் கை வைக்கமாட்டன் அக்கா, கொழும்புக்குத் தான் அனுப்போணும்." அடிக்கேல்ல, சுத்துற சத்தம் தான். பிறகு கேபிள் தலையைப் போன் டோர்ச்சில பிடிச்சுக் காட்டினார், தட்டைத் தலைக்குள்ள ரெண்டு பின் பச்சை பிடிச்சுப் போய்க் கிடக்குது. எங்கட வீடு உப்புவெளியில, கடல் ரெண்டு ஒழுங்கை தள்ளி, உப்புக் காத்து ஜன்னல் கம்பியையே தின்னுது, இதை விடுமோ. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஅம்பியர் தான் குடுக்கும், யூஎஸ்பி 3 எண்டா 900, டிஸ்க் சுத்தத் தொடங்கேக்க தான் கனக்க இழுக்குமாம், கேபிள் ஒழுங்காத் தொடாட்டி அந்த இடத்திலயே விழுந்திடும். ஹப்பில (ஒரு போர்ட்டைப் பலதாக்கிற பெட்டி) குத்தாம நேர லப்டொப்ல குத்தச் சொன்னதும் அதுக்குத் தான். ஃபோர்மட் கேட்டதும் சரியா வாசிக்கேலாமத் தானாம்.

புதுக் கேபிள் போட்டும் திஸ் பிசிக்குள்ள வரேல்ல, எனக்கு நெஞ்சு பக் எண்டுது. அவர் விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேத்து அமத்தி டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறந்தார் (குத்தின டிஸ்க் எல்லாத்தையும் விண்டோஸ் காட்டுற இடம்), அங்க 931 ஜிபி எண்டு இருக்குது (1 டிபியை விண்டோஸ் அப்பிடித் தான் காட்டும், ஒருத்தரும் களவெடுக்கேல்ல), டி, ஈ எண்டு விண்டோஸ் டிஸ்க்குக்குக் குடுக்கிற எழுத்து மட்டும் இல்லை. ஒரு எழுத்துக் குடுத்தார், திறந்திட்டுது. இந்த இடத்தில இனிஷியலைஸ் (புது டிஸ்க் மாதிரித் தொடக்கிறது) பண்ணட்டோ எண்டு கேட்டாலும் உள்ளுக்குச் சாமான் இருக்கேக்க அமத்தாதேங்கோ.

நான் எழும்பப் போக "இருங்கோ அக்கா" எண்டு டிஸ்க்கிட சுகம் பாக்கிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்ட புரோகிராமைப் போட்டார், மஞ்சள் காட்டுது, டிஸ்க் பழுதாகத் தொடங்கீட்டுது. டிஸ்க்ல பிழை தேடித் திருத்துற செக்டிஸ்க் போடுவமோ எண்டு கேட்டன். "முதல் கொப்பி, பிறகு தான் வைத்தியம்" எண்டிட்டார், அது டிஸ்க்ல எழுதி மாத்துமாம், சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அந்த அலைச்சல் கூடாதாம். 412 ஜிபி, ஒரு இரவு முழுக்க ஓடினது, ரெண்டு பாஸ் பேப்பர் மட்டும் வரேல்ல, வீடியோ முழுசா வந்திட்டுது. புது டிஸ்கை விரும்பின இடத்தில வாங்குங்கோ எண்டவர், தன்ட கடையிலயே வாங்கு எண்டு ஒருக்காலும் சொல்லேல்ல.

குறை இருக்குது. பில் தரேல்ல, 4 மணி எண்டு சொல்லி 7 மணிக்குத் தான் தந்தவர், உள்ளுக்க ஃபேனும் இல்லை, வேர்த்துக் கொட்டுது. கேபிள் 850 ரூபா, வேலைக்கு 1500 ரூபா, நான் 5க்கு 4 குடுப்பன். போறதெண்டா பாவிச்ச கேபிளையும் டிஸ்கோட கொண்டு போங்கோ, நான் அதை வீட்ட விட்டிட்டுப் போய், ஓட்டோ பிடிச்சு உப்புவெளிக்குத் திரும்ப ஒருக்கா வந்து போனனான்.