வாடகை வீட்டு வெந்நீர்: கீசர், ராடு, இன்ஸ்டன்ட் – எதில் யூனிட் மிச்சம்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும். கீசர், ராடு, கெட்டில், இன்ஸ்டன்ட் ஹீட்டர் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது சூட்டுக்கம்பிதான். இழுக்கிற மின்சாரம் மொத்தமும் வெப்பமாகிவிடும். ஆகவே, "2000 வாட் கீசரை விட 1000 வாட் ராடு பாதி கரன்ட்தான் இழுக்கும்" என்பது வெறும் பேச்சு. வாட் பாதியானால் நேரம் இரண்டு மடங்கு. மீட்டரில் ஏறுவது அதே யூனிட்.

அப்படியானால் பில்லில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எத்தனை லிட்டர் செலவாகிறது, எத்தனை டிகிரி ஏற்றுகிறோம், சூடான தண்ணீர் எவ்வளவு நேரம் சும்மா கிடந்து ஆறுகிறது. இந்த மூன்றுதான். புதுச் சாதனம் வாங்கும் முன் இந்த மூன்றில் எதில் ஓட்டை என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் வாடகை வீட்டில் பொருத்துகிற ஒவ்வொன்றையும் ஒருநாள் கழற்ற வேண்டிவரும்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க 40 டிகிரி, ஒரு ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று. 20 × 15 × 1.16, அதாவது ஏறக்குறைய 350 வாட்-மணி, 0.35 யூனிட். குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்குகிற குளிர்நாளில் அதுவே 0.58 ஆகும். எந்தச் சூட்டுக்கம்பியாலும் இதற்குக் கீழே போக முடியாது. இதற்கு மேல் செலவாவதெல்லாம் விரயக் கணக்கு.

தொட்டிக் கீசர்

பெரும்பாலான வாடகை வீடுகளில் ஏற்கெனவே மாட்டியிருப்பது இதுதான்: 15 அல்லது 25 லிட்டர், 2000 வாட். நாள் முழுக்க ஆனில் கிடந்தால், யாரும் குழாயைத் திறக்காமலே அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை இழக்கும். பழைய தொட்டி, மெல்லிய காப்பு என்றால் இன்னும் கூடும். ஒரு ஆள் வாழும் வீட்டில் குளியலுக்கு 0.35, காத்திருப்புக்கு 0.7 என்றால் எது பெரிய செலவு என்று சொல்ல வேண்டியதில்லை. நட்சத்திர முத்திரையில் ஒரு கீசருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசமும் இந்தக் காத்திருப்பு இழப்பில்தான். சூடாக்கும் திறனில் அல்ல.

"அணைத்து அணைத்துப் போட்டால் முதலிலிருந்து சூடாக்க வேண்டும், அதற்கு ஆனிலேயே விடுவது மேல்" என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. தொட்டி வெப்பத்தை இழக்கும் வேகம், உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. அணைத்தால் தொட்டி ஆற ஆற இழப்பும் குறைந்துகொண்டே வரும். ஆனிலேயே விட்டால் இழப்பு உச்சத்திலேயே நிற்கும். அரை மணி நேர இடைவெளிக்காக அணைத்துப் போடுவதில் பெரிய லாபமில்லை. இரவு முழுக்க, பகல் முழுக்க அணைத்தால் உண்டு.

எவ்வளவு நேரம் போட வேண்டும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 15 லிட்டரை 25-லிருந்து 60-க்கு ஏற்ற 0.61 யூனிட் வேண்டும். 2000 வாட்டில் 18 நிமிடம். ஒரு ஆள் குளிக்க அவ்வளவு தேவையில்லை. 13 நிமிடம் போட்டால் 50 டிகிரி வரும். அதில் 12 லிட்டர் எடுத்து 8 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவினால் ஒரு வாளி சரியாக வரும். விளக்கு அணையும்வரை காத்திருந்து ஒரு வாளி மட்டும் எடுத்தால், 60 டிகிரியில் ஆறு லிட்டருக்கு மேல் தொட்டியில் தங்கி ஆறிப்போகும். கால் யூனிட் அதில் போயிற்று.

இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. குளிக்கும்போது கீசர் ஆனிலேயே இருந்தால், வெந்நீர் வெளியேற வெளியேறப் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும். குளித்து முடித்த பிறகும் கீசர் ஒரு தொட்டி முழுக்க மறுபடி காய்ச்சிவிட்டுத்தான் ஓயும். அடுத்து யாரும் குளிக்கப் போவதில்லை என்றால் அது அப்படியே நட்டம். கடைசி ஆள் குழாயைத் திறக்கும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்கசிவு பயத்துக்கும் அதுவே நல்லது.

கை மறதிக்காரர்களுக்கு டைமர். வாங்கும்போது ஆம்பியர் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3000 வாட் என்றால் 13. 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஸ்மார்ட் பிளக்கில் கீசரைத் தினமும் ஓட்டினால் உள்ளே இருக்கும் தொடுபுள்ளி கருகும், சில மாதத்தில் பிளாஸ்டிக் இளகும். 16 ஆம்பியர் டைமர்தான் சரி. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் இணைப்பு இருந்தால், மலிவு நேரத்தில் காய்ச்சி வைக்க முடிகிற ஒரே சாதனம் இந்தத் தொட்டிதான். அங்கே மட்டும் நல்ல காப்புள்ள பெரிய தொட்டிக்கு மதிப்பு கூடும்.

ராடு

யூனிட் கணக்கில் ராடை அடிக்க ஆளில்லை. தொட்டியும் இல்லை, குழாயும் இல்லை. வேண்டிய தண்ணீரை மட்டும் சூடாக்குகிறது. 1500 வாட் ராடு ஒரு வாளியை 14 நிமிடத்தில் குளியல் சூட்டுக்குக் கொண்டுவரும். வீடு மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

ஆனால் ராடுக்குத் தானே நிற்கத் தெரியாது. அரை மணி நேரம் மறந்தால் 0.75 யூனிட், இரண்டு குளியலுக்கும் மேல். மறதியால் வரும் விரயம் இப்படிச் சேர்ந்தால் கீசரே மேல் என்றாகிவிடும். கவுன்ட்டவுன் டைமர் ஒன்றைச் சேர்த்தால்தான் ராடின் சிக்கனம் உண்மையாகும்.

பாதுகாப்பில் ராடு கடைசி இடம். மூன்று முள் பிளக், வேலை செய்யும் எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (RCCB) ஆகிய மூன்றும் இல்லாத வீட்டில் ராடு வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இருந்தால்கூட வரிசை முக்கியம்: முதலில் ராடு தண்ணீரில், குறியிட்ட அளவு வரை, அப்புறம்தான் சுவிட்ச். முடிந்ததும் சுவிட்ச், பிறகு பிளக்கைப் பிடுங்குதல், ஒரு நிமிடம் கழித்து ராடை எடுத்தல். சூட்டோடு வெளியே இழுத்தால் சுருள் காய்ந்து வெடிக்கும். இரும்பு, அலுமினிய வாளி கூடாது. பிளாஸ்டிக் வாளியில் சுருள் ஓரத்தைத் தொட்டால் ஓட்டை விழும். சூடு பார்க்க விரலை விடும் முன் பிளக் வெளியே இருக்க வேண்டும். சுருளுக்குக் கீழே உள்ள தண்ணீர் பச்சையாகவே இருக்கும், மேலே கொதிக்கும். பிளக்கைப் பிடுங்கியபின் கலக்கிவிட்டுத்தான் சூடு பார்க்க வேண்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டன்ட் ஹீட்டர்

3 லிட்டர் தொட்டி, 3000 வாட். தொட்டி சின்னது என்பதால் காத்திருப்பு இழப்பும் சின்னது. ஆனால் 3000 வாட்டால் நிமிடத்துக்கு 2.9 லிட்டரைத்தான் 15 டிகிரி ஏற்ற முடியும். 25 டிகிரி ஏற்ற வேண்டிய குளிரில் 1.7 லிட்டர். வாளி நிறைய ஏழு முதல் பன்னிரண்டு நிமிடம். ஷவருக்கு வெதுவெதுப்பு மட்டும். தொட்டியே இல்லாமல் ஷவருக்குச் சூடு தரும் ரகத்துக்கு 7 கிலோவாட்டுக்கு மேல் தேவை. அதற்குத் தனி ஒயர், தனி பிரேக்கர் இழுக்க வேண்டும். வாடகைக்காரர் செய்யும் வேலையல்ல.

ஏற்கெனவே கீசர் இருக்கும் வீட்டில், மிச்சம் பிடிக்க என்று இன்ஸ்டன்ட் வாங்குவது வீண். நேரம் பார்த்துப் போடும் கீசருக்கும் இதற்கும் யூனிட்டில் வித்தியாசம் சொற்பம்.

ஷவரா, வாளியா

இதுதான் உண்மையான போட்டி. மேலே உள்ளவை எல்லாம் கால், அரை யூனிட் சண்டை. பழைய ஷவர் தலை நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டினால், பத்து நிமிடக் குளியலுக்கு 100 லிட்டர், 1.74 யூனிட். வாளிக் குளியலைப் போல ஐந்து மடங்கு. இரண்டு பேர் வீட்டில் மாதம் 105 யூனிட்டுக்கும் 21 யூனிட்டுக்கும் உள்ள தூரம் அது. எந்த நட்சத்திரக் கீசரும் இந்தப் பள்ளத்தை மூடாது.

வாளிக்கு மாற மனமில்லையா? ஷவர் தலையை மாற்றுங்கள். முதலில் அளந்து பார்க்க வேண்டும்: ஷவருக்குக் கீழே வாளியை வைத்து ஒரு நிமிடம் முழுதாகத் திறந்து, எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 9-க்கு மேல் என்றால் 6 லிட்டர் தலை நன்றாகப் பலன் தரும். அதே பத்து நிமிடம் 1.05 யூனிட்டுக்கு இறங்கும். 6-க்குக் கீழே என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இறங்கும் தண்ணீருக்கு 0.3 பார் அழுத்தம்தான். அங்கே சிக்கனத் தலை மாட்டினால் சொட்டும், அவ்வளவுதான். மிகக் குறைந்த ஓட்டத்தில், தொட்டியில்லா இன்ஸ்டன்ட் ஹீட்டரில் தண்ணீர் ஓடும்போது மட்டும் கம்பியைப் போடும் ஓட்ட சுவிட்ச் விழாமல் பச்சைத் தண்ணீரே வரும் சிக்கலும் உண்டு.

மாட்டுவது கால் மணி வேலை. பழைய தலையைத் துணி சுற்றிப் பிடித்து இடப்பக்கம் திருகிக் கழற்றி, மரையைத் துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை ஓடும் திசையிலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, புதியதைக் கையாலேயே இறுக்கினால் போதும். பழையதைப் பத்திரமாக வையுங்கள். காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டுப் புதியதை எடுத்துப் போகலாம்.

சமையலறை

பாத்திரம் கழுவ மட்டும் குளியலறைக் கீசரைப் போடுவது மோசமான பேரம். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லி தங்கும். எட்டு மீட்டர் தூரம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் வழியிலேயே ஆறிப்போகும். கெட்டிலில் ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைத்து மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரில் விளாவினால், நாலரை லிட்டர் 50 டிகிரி தண்ணீர் 0.13 யூனிட்டில் கிடைக்கும். ஒற்றைக் கைப்பிடிக் குழாயை நடுவில் விட்டுக் கை கழுவுவதும் இதே வகை விரயம்: சூடு கைக்கு வந்து சேராது, தொட்டியிலிருந்து வெந்நீர் மட்டும் கிளம்பிவிடும். கைப்பிடியைக் குளிர் பக்கம் தள்ளிவைத்தால் போதும்.

போர்வையா, தெர்மோஸ்டாட்டா

தொட்டியைச் சுற்றிக் கட்டும் காப்புப் போர்வை, எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட், இரண்டுமே ஆனிலேயே கிடக்கும் கீசருக்குத்தான் மருந்து. வெளி 25 டிகிரியாக இருக்கும்போது தெர்மோஸ்டாட்டை 60-லிருந்து 50-க்கு இறக்கினால் காத்திருப்பு இழப்பு கால் பங்குக்கு மேல் குறையும். குளியலுக்குச் செலவாகும் வெப்பம் குறையாது. 50 டிகிரி தண்ணீரில் குறைவாக விளாவுவீர்கள், அவ்வளவே. 50-க்குக் கீழே வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வரை தேங்கும் தண்ணீரில் லீஜியோனெல்லா என்னும் நுரையீரல் தொற்றுக் கிருமி பெருகும். இறக்கி வைப்பவர்கள் வாரம் ஒருமுறை 60-க்கு ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். முதியவர்களோ நோய் எதிர்ப்பு குறைந்தவர்களோ இருக்கும் வீட்டில் 60-லேயே வைத்து, கவனமாக விளாவிக்கொள்வதே நல்லது.

போர்வைக்கு ஒரே சோதனை: தொட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சுற்றலாம். குளிர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் நுரைக்காப்பே போதும். ஒயர் இணைப்பு மூடி, தெர்மோஸ்டாட், அழுத்த வால்வு ஆகியவற்றை மூடக் கூடாது. வெளியேறும் குழாயின் முதல் ஒன்றிரண்டு மீட்டருக்கு நுரைக்குழல் மாட்டுவது இதை விட மலிவு.

உரிமையாளர் கையில் இருப்பவை

ஹீட் பம்ப் மட்டும்தான் முதலில் சொன்ன கணக்கை மீறுகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் காற்றிலிருந்து இறைப்பதால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு முதல் நான்கு யூனிட் வெப்பம் தரும். ஆனால் பெரிய தொட்டி, காற்றோட்டம், வடிகால் எல்லாம் வேண்டும். ஷவர் குளியல் போடும் நான்கைந்து பேர் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வாளிக்காரருக்குத் தேவையே இல்லை. சூரிய ஹீட்டரும் அப்படியே, மாடி உரிமை உள்ளவர் விஷயம்.

உப்புப் படிவை எடுக்கச் சொல்லிக் கேட்பது வேறு. படிவு ஏறினால் கரன்ட் இரட்டிப்பாகும் என்பது மிகை. கம்பி தண்ணீருக்குள் இருப்பதால் வெப்பம் வேறெங்கும் போகாது. உண்மையான கேடு, கம்பி அளவுக்கு மீறிச் சூடேறிச் சீக்கிரம் கருகுவதும், தெர்மோஸ்டாட் முனை மூடப்பட்டுத் தப்பான சூட்டில் நிற்பதும்தான். மாற்றுச் செலவு உரிமையாளருடையது என்பதால், இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் காது கொடுப்பார்.

எதிலும் காசு போடும் முன் ஒரு இரவுச் சோதனை. கீசர் விளக்கு அணையும்வரை காய்ச்சி, வெந்நீர்க் குழாயைத் தொடாமல் 12 மணி நேரம் ஆனில் விடுங்கள். 16 ஆம்பியர் தாங்கும் பிளக் மீட்டர் இருந்தால் அந்த 12 மணி நேரத்துக்கு மட்டும் அது காட்டும் யூனிட்டை இரண்டால் பெருக்கினால் உங்கள் கீசரின் ஒருநாள் காத்திருப்பு இழப்பு. ஒரு யூனிட்டைத் தாண்டினால் டைமர் சீக்கிரமே தன் விலையைத் திருப்பித் தரும். அரை யூனிட்டுக்குக் கீழே என்றால் ஷவர் தலையிலிருந்து தொடங்குங்கள். மிக அதிகமாகக் காட்டினால் எங்கோ சொட்டுகிறது. வெந்நீர்க் குழாயில் மணிக்கு கால் லிட்டர் சொட்டினாலே மாதம் ஏழு யூனிட். அதற்கு மருந்து ஒரு வாஷர். அழுத்த வால்வில் காய்ச்சும்போது வரும் சொட்டுக்குப் பயப்பட வேண்டாம்; 15 லிட்டர் 60 டிகிரிக்கு ஏறும்போது 200 மில்லி அளவுக்கு விரியும், அதுதான் வெளியேறுகிறது. விளக்கு அணைந்த பிறகும் சொட்டு நிற்கவில்லையென்றால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது குழாய் அழுத்தம் கூடுதல். பிளம்பரைக் கூப்பிடுங்கள்; சொட்டை நிறுத்துகிறேன் என்று அந்த வாயை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள், தொட்டி வெடிக்கும்.